வியாழக்கிழமை மன்றாட்டு

முதல் தடவையா, தங்கச்சி? கேட்காமலே தெரிகிறது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாய். உட்கார். பத்தரைக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். ஆதார் நகல் இரண்டு வைத்திருக்கிறாயா? ஒன்று போதாது. இல்லாவிட்டால் எதிர்க்கடையில் எடுத்துக்கொண்டு வா, உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் செய்த பண்டம் எதுவும் உள்ளே போகாது. முதல் வாரம் நான் நண்டு வறுத்துக்கொண்டு வந்தேன். அந்த வாசல் போலீஸ்காரப் பிள்ளை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "யம்மா, இத உள்ள விட்டா என் வேலை போயிரும், திருப்பிக் குடுத்தா என் உசிரு போயிரும்" என்றாள். நல்ல பிள்ளை. அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்கு யார் உள்ளே? நாத்தனாரா. சரி, எதற்காக என்று சொல்ல வேண்டாம். அதைக் கேட்கக் கூடாது என்பது இங்கே வருகிறவர்களுக்குள் ஒரு மரியாதை. நான் மட்டும் எல்லாரிடமும் சொல்லுவேன். என் மகள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. படம் எடுத்தாள். அதற்குத்தான் நான்கு மாதமாக இந்த ஜெயிலுக்குள் இருக்கிறாள்.

பெனிட்டா என்று பெயர். முப்பத்தொரு வயது. மதுரையில் பத்திரிகையில் வேலை பார்த்தாள். அங்கே எழுதுவதைப் பாதியாக வெட்டுகிறார்கள் என்று விட்டுவிட்டு வந்தாள். எங்கள் ஊர் சூசைத்துறை, தெற்கே கடற்கரை. வீட்டில் இருந்தபடி ஒரு சின்னக் காமிராவை வைத்துக்கொண்டு கடற்கரைச் செய்திகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "யம்மா, ஒரு வள்ளத்துக்கு ஒரு எஞ்சின் போதும்" என்பாள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

எங்கள் ஊருக்கு வடக்கே தனியார் துறைமுகம் வந்தது. வள்ளம் நிறுத்துகிற இடம் முழுவதும் வேலிக்குள் போய்விட்டது. கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நூற்று நாற்பது நாள். பெண்கள்தான் அதிகம். ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள், யார் போய் உட்காருவது? ஜெபமாலை சொல்லுவோம், பாட்டுப் பாடுவோம், வெங்காயம் உரிப்போம். நூற்று நாற்பத்தோராவது நாள் போலீஸ் வந்தது. அதைப் பற்றி நான் பேசுவதில்லை. பந்தலுக்குள் புகுந்து பெண்களை அடித்தார்கள். அவ்வளவுதான். பெனிட்டா அதையெல்லாம் எடுத்தாள். பிறகு, அடிபட்ட பதினொரு பேர் வீட்டுக்கும் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் காயத்தைக் காட்டிப் பேசினதையும் எடுத்தாள். அதை ஒன்றாகச் சேர்த்து வெளியே விட வேண்டும் என்பதுதான் அவள் வைராக்கியம். அதற்குள் அவள் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். கலவரத்தைத் தூண்டினாளாம். அரசாங்கத்துக்கு விரோதமாம்.

இதிலே ஒன்று சொல்லவேண்டும் தங்கச்சி. நாங்கள் விவரம் தெரியாமல் இதில் இறங்கினவர்கள் இல்லை. எங்களுக்கு வகுப்பு நடந்தது. பந்தல் நாட்களிலேயே பெனிட்டா கோயில் பங்கு மண்டபத்தில் பாய் விரித்து வகுப்பு வைத்தாள். பாடம் சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோமதிநாயகம் ஐயா, பழைய பத்திரிகைக்காரர், எழுபதைத் தாண்டினவர். எழுதினதற்காக ஒரு காலத்தில் ஒன்றரை வருஷம் ஜெயிலில் இருந்தவர். இன்னொருத்தி மைமூன், வக்கீல் பிள்ளை. இப்போது பெனிட்டாவின் வழக்கையும் அவள்தான் பார்க்கிறாள்.

கோமதிநாயகம் ஐயா சொன்னார்: "அவன் வந்து அதட்டுதது பாதி பயம்தான் தாயி. மிச்சப் பாதிய நாமளே வீட்டுல ஆக்கிக்கிடுதோம். அவன் 'போகாத'ன்னு சொல்லுததுக்கு முந்தியே நாம போகாம இருக்கோம் பாருங்க, அதான் அவனுக்கு லாபம். கேக்காத ஒண்ணையும் நீங்களா எடுத்துக் குடுத்துராதீங்க."

என் பக்கத்து வீட்டு பிலோமி எழுந்து, "டீயக் கூடவா ஐயா? எங்க ஊருல கேக்காமத்தான் குடுப்போம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"டீயத்தான் முதல்ல நிப்பாட்டணும். டீ குடிக்க வாரவன் தம்ளர மட்டுமா பாக்கான்? வாசல்ல செருப்பு எத்தனை சோடி கெடக்குன்னுல்லா எண்ணுதான்."

மைமூன் வேறு மாதிரி. மெதுவாகப் பேசுவாள். வந்தவர் பெயரைக் கேளுங்கள், எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள், தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், மணியை எழுதி வையுங்கள் என்றாள். "அவங்க பேசாம இருந்தா நீங்களும் பேசாம இருங்க. நமக்கு அதுதான் வராது. எதிர்ல ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தா, நாம எதையாவது சொல்லி நிரப்பப் பாப்போம். அந்த இடத்துலதான் மாட்டுவோம்." ஒளிந்திருக்கிறவர் எங்கே என்று வீட்டார் கேட்கவே கூடாது என்றாள். தெரியாதவரால் சொல்ல முடியாது, அன்பு இருந்தால் கேட்காதீர்கள் என்றாள்.

கடைசியாக ஐயா இன்னொன்று சொன்னார். "யாராவது பிடிபட்டா, யார் சொன்னதுன்னு தேடாதீங்க. அதத் தேட ஆரம்பிச்ச ஊரு தானா உடைஞ்சு போகும். அப்புறம் அவன் வரவே வேண்டாம்."

நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனாலும் ஜெபம் எழுதுகிற நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் எழுதவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. தப்புச் செய்தவர் யார் என்று தெரிய வேண்டாமா?

வழக்குப் போட்ட அன்று காலையிலேயே பெனிட்டா கிளம்பிவிட்டாள். மீன் கூடைக்காரிகளோடு தானும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறிப் போனாள். போலீஸ்காரர் பக்கத்தில் நின்று, "ஏ, தண்ணி வடியுது, தள்ளி நில்லு" என்று அவளையே அதட்டினாராம். நான் கேட்கவில்லை, எங்கே போகிறாய் என்று. மைமூன் சொன்னது ஞாபகம் இருந்தது. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான்கு தடவை வந்தார். நான் பாடம் தவறவில்லை. பெயர் கேட்டேன், எழுதினேன். தாள் கேட்டேன், எழுதினேன். டீ கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு மனுஷருக்குத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பினது அதுதான் முதல். ஒரு தடவை நாற்பது நிமிஷம் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் பேசவில்லை. ஜெபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேசுகிற ஆள் இல்லை தங்கச்சி, முப்பத்தாறு வருஷமாக எனக்கு இதில் பழக்கம். கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் எழுந்தார். "ஒங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நாங்க கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதாம்மா" என்றார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கினது.

ஆனால் மற்ற நாட்களில் இறங்கவில்லை. பிள்ளை எங்கே கிடக்கிறாளோ, அவளுக்கு மூச்சு இளைப்பு வேறு உண்டு. மூன்றாவது வாரம் தலை சுற்றி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் இருநூறு என்றார்கள். மைமூன் பார்க்க வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டில் பக்கம் குனிந்து சொன்னாள்: "சொல்லக் கூடாது. ஆனா உங்க உயிர் முக்கியம். மலையடிவாரத்துல ஒரு எலுமிச்சைத் தோப்பு. ரிட்டயர் ஆன நர்ஸ், வடிவுன்னு பேரு, முழங்கால் வலியோட தனியா இருக்காங்க, அவங்க வீட்டுல இருக்கா. நல்லா இருக்கா. இன்னும் பத்து நாள்ல படத்த முடிச்சிருவா. காதுல வாங்கி வயித்துல போட்டுருங்கம்மா."

மாதா மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கப்பலில் இருக்கிற மகன் மெல்வின் போனில் கெஞ்சினான், சொல்லவில்லை. பிலோமி, முப்பது வருஷமாக என்னோடு ஒரே பெஞ்சில் பூசை பார்க்கிறவள், "அக்கா, பிள்ளை நல்லா இருக்காளா, அத மட்டும் சொல்லு" என்றாள். தெரியாது என்றேன். ஒரு மனுஷரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் நின்று சொல்லுவேன்.

அப்போது ஊரில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. டீக்கடையைக் கூட மூடிவிட்டார்கள். ஜெபத்துக்கு மட்டும் கூடலாம். எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த அன்பியம் ஒன்றுதான். நீ பொட்டு வைத்திருக்கிறாய், உனக்கு அன்பியம் தெரியாது இல்லையா? இருபது வீட்டுக்கு ஒரு அன்பியம். வியாழக்கிழமை தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் மன்றாட்டுச் சொல்ல வேண்டும், வாய் விட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அதற்கும் ஒரு முறை உண்டு. எங்கள் பங்கில் முன்னால் இருந்த சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. "பொத்தாம்பொதுவா கேக்காதீங்க. பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க, எந்த இடத்துல நோவுதுன்னு சொல்லுங்க. கடைக்குப் போனா என்ன வேணும்னு சொல்லித்தானே வாங்குறீங்க" என்பார். அதனால் எங்கள் அன்பியத்தில் மன்றாட்டு என்றால் விவரமாக இருக்கும். வலது கண்ணா, இடது கண்ணா என்பது வரைக்கும் சொல்லுவோம். ஜெசிந்தா டீச்சர்தான் எங்களுக்குத் தலைவி. அவர் எல்லார் மன்றாட்டையும் போனில் பதிந்து அன்பிய வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுவார். கப்பலிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்றுதான். இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஆமென், ஆமென் என்று வந்து குவிந்திருக்கும். அதைப் பார்த்தாலே பாதி பாரம் குறையும்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வியாழக்கிழமை பிலோமி வீட்டில் அன்பியம். அன்றைக்கு நான் மன்றாடின மாதிரி என் ஜென்மத்தில் மன்றாடினதில்லை. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என் மகள் பெனிட்டாவுக்கு மலைக்காற்று சேராது, அவள் நெஞ்சில் இளைப்பு வராமல் காப்பாற்றும். அந்த எலுமிச்சைத் தோப்பில் பூச்சி பொட்டு தீண்டாமல் உம்முடைய தூதரைக் காவல் வையும். அவளுக்கு இடம் கொடுத்திருக்கிற வடிவு நர்சம்மா வேறு மதமாக இருந்தாலும் உம்முடைய பிள்ளைதான், அவள் முழங்கால் வலியைக் குணமாக்கும். என் மகள் தொடங்கின வேலையை இன்னும் பத்து நாளில் நல்லபடியாக முடிக்க வையும்." இப்போது சொல்லும்போது கூட எனக்கு உடம்பு புல்லரிக்கிறது, பார். இடம் கொடுத்த புண்ணியவதிக்காக ஜெபிக்காமல் என் மகளுக்காக மட்டும் ஜெபித்தால் அது என்ன ஜெபம்? எல்லாரும் அழுதார்கள்.

பிலோமி மட்டும் அழவில்லை. நான் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்து அழுத்தி, "அக்கா போதும்க்கா, போதும்க்கா" என்றாள். ஜெபத்துக்கு நடுவில் யாராவது அப்படிச் செய்வார்களா? அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிடித்துவிட்டார்கள். ஆறு வண்டி. தோப்பைச் சுற்றி வளைத்து, சுவர் ஏறிக் குதித்து. பாவம், அந்த வடிவு நர்சம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் மேலும் வழக்கு. மடிக்கணினி, காமிரா, எல்லாம் போயிற்று. பதினொரு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கத்தை விட்டுக் காட்டின காயம், எல்லாம் போயிற்று.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலிலேயே நின்றார். "அம்மா, உங்க ஜெபம் வீண் போகலம்மா. பிள்ளை இளைப்பெல்லாம் இல்லாம நல்லா இருக்கா" என்றார். அவர் இந்து. ஆனாலும் ஜெபத்துக்கு ஒரு மரியாதை கொடுத்தார் பார். பெற்றவள் மனசு அறிந்து சொன்னார். அன்று மட்டும் அவருக்கு ஒரு டீ கொடுத்தேன்.

பிறகு நான் படுக்கையில் கிடந்து யோசித்தேன். யார் சொல்லியிருப்பார்கள்? மைமூன் சொல்லமாட்டாள். நான் சொல்லவில்லை. அப்படியானால் யாரோ எப்படியோ மோப்பம் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம்தான் பிலோமி மகன் கிளின்டனுக்குத் துறைமுகக் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. அவள் கொழுந்தன் ஆயுதப்படையில் இருக்கிறான். பிள்ளை எங்கே என்று என்னிடம் கேட்டதும் அவள்தான். என் மன்றாட்டைத் தடுத்ததும் அவள்தான். மனசில் கள்ளம் இல்லாவிட்டால் எதற்குத் தடுக்க வேண்டும்? நான் புறணி பேசுகிறவள் இல்லை தங்கச்சி. அழுகை தாங்காமல் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றே பேர்.

ஊர் என்ன செய்தது என்றால், பிலோமியின் மீனை ஏலத்தில் யாரும் கேட்பதில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் பேத்திக்குப் புதுநன்மை வந்தது. முதல் முதலாகப் பிள்ளை நற்கருணை வாங்குகிற விசேஷம். அதற்கு யாரும் போகக் கூடாது என்று பேச்சு. கிளின்டன் வண்டி டயரைக் கிழித்துவிட்டார்கள். ஊர்க் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்து, "பனிமயம் அக்கா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் மைக்கில நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தக் குடும்பத்த ஊர விட்டு விலக்கிருவோம்" என்றார்கள். நான் சரி என்றேன். சந்தோஷத்தோடு இல்லை. முப்பது வருஷப் பழக்கம். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

அந்தப் புதன்கிழமை இங்கே வந்தேன். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாம். போனை எடுத்துப் பேச வேண்டும். சத்தமாகப் பேசாதே, இரைகிறது. நல்ல சேதி சொல்லுகிற மாதிரிச் சொன்னேன், யார் காட்டிக்கொடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று.

"யாரு?"

"பிலோமி."

"பிலோமி சித்தியா?" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். நமக்குக் கொடுப்பதே இருபது நிமிஷம் தங்கச்சி, அதில் பாதி போயிற்று. நானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். பிறகு, "யம்மா, ஸ்டேஷன்ல வச்சு உன் குரலக் கேட்டேன்" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. பெற்றவள் நினைப்பு எங்கே இருந்தாலும் பிள்ளைக்குக் கேட்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? "கேக்கும் மக்கா, கேக்கும். நான் ராப்பகலா உனக்காகத்தான் ஜெபிச்சிட்டு இருந்தேன்" என்றேன்.

"ஆமா" என்றாள். "நல்லாத்தான் ஜெபிச்சிருந்த." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யம்மா, நாயகம் ஐயா சொன்னாருல்லா, யாருன்னு தேடாதீங்கன்னு. நீ நோட்டுல எழுதலையா?"

"அது எனக்குப் பிடிக்கல. இத விட்டா நாளைக்கு இன்னொரு பிள்ளையக் காட்டிக் குடுப்பா. ஞாயித்துக்கிழமை மைக்கில சொல்லப் போறேன்."

"சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொல்லாதம்மா. பிலோமி சித்தி இல்ல."

"பின்ன யாருட்டி? உனக்குத் தெரியுமா? தெரியும்னா சொல்லு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, உனக்குத் தெரியும்."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் பின்னால் நின்ற வார்டர் அம்மாள் நேரம் முடிகிறது என்று தட்டினாள். அப்போதுதான் சொன்னாள். "நான்தாம்மா."

"என்ன நீ?"

"நான்தான் போலீசுக்குப் போன் பண்ணினேன். ஓடி ஓடி அலுத்துப் போச்சு. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு நானே சொல்லிட்டேன். போதுமா? மைக்கில சொல்லுததுன்னா இதச் சொல்லு."

போன் அறுந்துவிட்டது. இருபது நிமிஷம் என்றால் இருபது நிமிஷம்தான்.

அன்று நான் எப்படி பஸ் ஏறி ஊர் போனேன் என்று தெரியாது. எங்களுக்கெல்லாம் பாய் விரித்துப் பாடம் நடத்தினவள். கேட்காமல் எதையும் கொடுக்காதே என்று ஐயாவைக் கூட்டி வந்து சொல்லிக் கொடுக்க வைத்தவள். நான் நாற்பது நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அஞ்சாங்கிளாஸ் படித்த நான். அவள் போனை எடுத்துச் சொல்லிவிட்டாள். பதினொரு பேர் நம்பிக் கொடுத்ததையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மெல்வினிடம் சொன்னேன். "யம்மா, தானா கூப்பிட்டவளப் பிடிக்க எதுக்கு ஆறு வண்டி, எதுக்குச் சுவர் ஏறிக் குதிக்கணும்?" என்று கேட்டான். போலீஸ்காரர்கள் யாரையும் நம்பமாட்டார்கள், அதுதான் என்றேன். மைமூனிடம் கேட்டேன். அவள் கோர்ட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு, "பெனிட்டா சொன்னா அத நான் மறுக்கலம்மா. ஆனா கோர்ட்டுல மட்டும் இதச் சொல்லாதீங்க" என்றாள். இது என்ன பதில்?

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். பிலோமி பேரில் குற்றம் இல்லை, என் மகளே தன்னைக் காட்டிக் கொடுத்தாள் என்று சொன்னேன். அடிபட்ட பதினொரு பேரில் ஒருத்தி, கை இன்னும் முழுதாக மடங்காதவள், எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த பெனிட்டா படத்தை அவிழ்த்துவிட்டார்கள். "இவளா நமக்குப் பாடம் எடுத்தா?" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

பிலோமி வீட்டுக்குப் போனேன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். உன் பேரில் அபாண்டம் சொன்னேன், என் பிள்ளை செய்த தப்பை உன் தலையில் வைத்துவிட்டேன் என்றேன். கிளின்டன் எழுந்து, "பெரியம்மா, பெனி அக்கா மேல ஏன் போடுதிய? அன்னைக்கு நீங்க இந்த வீட்டுல வச்சுத்தான..." என்று என்னவோ ஆரம்பித்தான். பிலோமி பாய்ந்து, "ஏலே, வாய மூடு. போய் வண்டியக் கழுவு" என்று அவனை வெளியே தள்ளிவிட்டாள். திரும்பி வந்து என்னை உட்கார வைத்து, "சரி விடுக்கா. சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சோறு போட்டாள். அவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை என்னைக் கடிந்து சொல்லவில்லை. பேத்தி புதுநன்மைக்கு ஊரே போயிற்று. வெள்ளைக் கவுனில் பிள்ளை அழகாக இருந்தாள்.

இப்போது என் மனசைத் தின்கிறது வேறொன்று. அன்பியத்தில் ஜெசிந்தா டீச்சர் இப்போது மன்றாட்டைப் போனில் பதிவதில்லை. "இனிமே மன்றாட்ட மனசுக்குள்ளயே சொல்லுவோம், ஆண்டவருக்குக் கேக்கும்" என்கிறார். எல்லாரும் சரி என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் தடை போடவில்லை, யாரும் வந்து அதட்டவில்லை, நாமாகவே வாயைக் கட்டிக்கொள்கிறோமே. இதைத்தானே கோமதிநாயகம் ஐயா சொன்னார். நான் எழுந்து சொல்லிவிட்டேன், நான் பயப்படமாட்டேன், நான் சத்தமாகத்தான் ஜெபிப்பேன் என்று. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயம் மனுஷரை என்ன பாடு படுத்துகிறது, பார்த்தாயா?

களைத்துவிட்டேன் தங்கச்சி. மூன்று பஸ் மாறி வருகிறேன். வழி முழுவதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் ஆண்டவரிடம் கேட்டேன், அவள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எடுத்துவிடும் என்று. நான்கு வாரமாகக் கேட்கிறேன். வருவேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவேன், சாப்பிட்டாயா, மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்பேன், திரும்பிப் போவேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள், நான் வேறே எங்காவது பார்ப்பேன். அவளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று காலை பஸ்ஸில் வரும்போது, எந்த இடம் என்று தெரியவில்லை, திடீரென்று நெஞ்சு இலேசாயிற்று. ஆண்டவர் எடுத்துவிட்டார்.

இன்றைக்கு உள்ளே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லப் போகிறேன். பெனி, நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன், இனி அதை நினைத்து நீ வருத்தப்படக் கூடாது என்று. பாவம், சின்னப் பிள்ளை. யாரிடமும் சொல்ல முடியாமல் எவ்வளவு பாரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாளோ. பெற்றவளுக்குத் தெரியாதா அது?